சும்மா இருக்கிறவளுக்கு ஆயிரமா?

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு, அவர் பிறந்த காஞ்சிபுரத்துலயே மகளிர் உரிமைத்தொகையைத் தொடங்கி வச்சாங்க. குடும்பத் தலைவிக்கு மாசம் 1000 ரூபாய். அன்றிலிருந்து நம்ம ஆம்பளைங்களுக்கு ஒரே வயித்தெரிச்சல். "சும்மா இருக்கிற பொம்பளைக்கு எதுக்குங்க காசு? கெட்டுப்போயிடுவாங்க." டாஸ்மாக் வாசல்ல நின்னுக்கிட்டுச் சொல்றாங்க ஐயா!

சும்மாவா? பட்டுத்தறிப் பக்கம் போய்ப் பாருங்க. கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். மூணு நாடா ஓடணும். ஒருத்தர் நெய்ய, இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து கரை நாடாவைக் கோத்துக் கொடுக்கணும். பல வீட்டுல அந்த இன்னொருத்தர் பொண்டாட்டிதான். தார் சுத்துறதும் அவங்கதான். ஆனால் அவர் நெசவாளர். அவங்க 'வீட்ல சும்மாதான் இருக்காங்க'.

நம்ம கழனியில மட்டும் என்ன வாழுது? நாத்து நடுறது, களை எடுக்கிறது, மாட்டுக்குத் தண்ணி காட்டுறது எல்லாம் அவ. பட்டா என் பேர்ல. அதனால விவசாயி நான்!

இதுல ஒரு கூத்து. குடும்பத்துக்கு நன்செய் 5 ஏக்கருக்கு மேல இருந்தா உரிமைத்தொகை கிடையாது. நிலம் முழுக்கப் புருஷன் பேர்ல இருக்கும். பணம் மட்டும் பொண்டாட்டிக்கு வராது. இந்த விதியை எழுதினவர் வீட்டம்மா கிட்டதான் நியாயம் கேக்கணும்.