கிளி எப்படி மரம் வெட்டும்?



"மலைப் பிள்ளைகளுக்கு எழுதுவதில் ஆர்வமே இல்லை, எப்படியாவது ஊக்கப்படுத்த வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு யாராவது லேப்டாப்போடு வந்தால், அவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்: அந்தப் பிள்ளைகள் எழுதியதில் எவ்வளவை இதுவரை அழித்திருக்கிறீர்கள்?

இவ்வளவு கோபம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் இரண்டு நாள் கதை எழுதும் பயிற்சி. நடத்தியது நகரத்திலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம். நான் துணைக்குப் போயிருந்தேன். சுவரில் புரொஜெக்டர், மேசையில் ஆறு டேப், இணையத்தில் ஒரு கதைப்புத்தகத் தளம். தளத்தில் வரிசையாகப் படங்கள் இருக்கும். பிடித்த படத்தை இழுத்து வைத்து, கீழே வரி எழுத வேண்டும். பத்துப் பக்கம் ஆனதும் அட்டை போட்டுப் புத்தகமாகிவிடும். அட்டையில் தன் பெயரைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நானும் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கூண்டுக்கிளிப் படத்தை எடுத்தான். அவன் எழுதியது ஏறக்குறைய இதுதான்: கிளி மரம் வெட்டப் போனது. ராத்திரியில் வண்டி ஏறிப் போனது. அங்கே பிடித்துக் கூண்டில் போட்டுவிட்டார்கள். அந்த ஊரில் வேறு பாஷை பேசுகிறார்கள். குஞ்சு பார்க்கப் போக பஸ்ஸுக்குக் காசு இல்லை.

பயிற்சியாளர் சிரித்துவிட்டார். "தம்பி, கிளி எப்படிப்பா மரம் வெட்டும்?"

"வெட்டுச்சு சார்."

"கொஞ்சம் சந்தோஷமா யோசி."

சாயங்காலம் அந்தக் கிளி கொய்யாப்பழத்தை நண்பர்களோடு பகிர்ந்து தின்றது. கடைசிப் பக்கத்தில் ஒரு நீதியும் இருந்தது. சிறந்த கதைக்கான சான்றிதழ் அதற்குத்தான். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு பஸ்ஸில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சமூகவியலில் முதுகலை படித்த எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. என் கோபத்தில் பாதி என் மேல்தான்.

வெளியூர்த் தோழர்களுக்காக: 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. சுடப்படாமல் பிடிபட்டு ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. மரத்தை வாங்குகிறவனும் விற்கிறவனும் ஊரில் இருக்க, கோடரி பிடித்த மலையாளி பழங்குடிக்காரர் உள்ளே போகிறார். அந்தப் பையனின் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் இந்த மலையில் கிளி மரம் வெட்டும் என்பதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் 'அப்பா' என்று எழுதவில்லை, 'கிளி' என்று எழுதினான். சொல்லவும் வேண்டும், வீட்டுக்கு ஆபத்தும் வரக்கூடாது. பன்னிரண்டு வயதில் இந்த வித்தை தெரிந்தவனுக்கு யார் ஊக்கம் கொடுப்பது?

இந்தத் தளங்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. படம் முதலில், சொல் பின்னால் என்ற ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்கிறேன். யார் வரைந்து வைத்த படங்கள் அவை? அன்று நான் தேடிப் பார்த்தேன். 'வயல்' என்று தட்டினால் பச்சைப் பசேலென்ற நெல் வயல். சரிவில் விளையும் சாமை இல்லை. 'வீடு' என்றால் ஓட்டு வீடு, மாடி வீடு. விடுதி இல்லை, ஒரே அறையில் வரிசையாக வைத்த தகரப் பெட்டிகள் இல்லை. ஒரு பெண் 'கொல்லையில் சாமை அறுத்தோம்' என்று எழுதியதற்கு, கொல்லை என்றால் வீட்டின் பின்பக்கம், 'வயல்' என்று மாற்று என்றார்கள். வடமாவட்டங்களில் மானாவாரி நிலத்துக்குப் பெயரே கொல்லைதான் அய்யா! மாற்றியதும் நெல் வயல் படம் அழகாகப் பொருந்திவிட்டது. சாமை அறுத்த கை காணாமல் போனது.

இது நமக்குப் புதிதா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கியது எதற்காக? அடுத்தவர் பத்திரிகையில் நம் முகம் எப்படி அச்சாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வகுப்பறையிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. புனேயில் சாவித்ரிபாயும் ஜோதிராவ் பூலேவும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங் சாதிச் சிறுமி, 14 வயது. மாங், மகார் மக்களின் துயரங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை 1855இல் 'ஞானோதயா' என்ற மராத்தி இதழ் அச்சிட்டது. வேதத்தைப் பார்க்கக்கூட உரிமையில்லாத எங்களுக்கு எது மதம் என்று கேட்டார். கூரையில்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெற்ற பெண்களைப் பற்றி எழுதினார். முக்தா, கொஞ்சம் சந்தோஷமா யோசி என்று பூலே சொல்லியிருந்தால்? நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து நாம் இன்று படிக்க அந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்துத்தான் வாசிப்பைத் தொடங்கினார். பயத்தின் சொல், பாசத்தின் சொல் எல்லாம் வந்தன. 1963இல் வந்த அவருடைய 'டீச்சர்' புத்தகத்தைக் கல்வியியல் மாணவர்கள் தேடிப் படியுங்கள்.

"அதெல்லாம் சரி, கையில் இருக்கும் தளம் இப்படித்தானே" என்பவர்களுக்கு: எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி இல்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். நாமே வரைந்த படத்தையும் ஏற்றலாம். மேற்கு வங்கத்தின் பீர்பூமில் சுச்சனா என்ற அமைப்பு சந்தாலி, கோரா மொழிகளில் குழந்தைகளுக்கான புத்தகங்களை அங்கே கொண்டுவந்திருக்கிறது. அப்படியானால் ஜமுனாமரத்தூரில் தடுப்பது எது? பிள்ளை வரைந்தால் அசிங்கமாக இருக்கும், அறிக்கையில் போட முடியாது என்ற நினைப்புத்தான்.

முதலில் பேசட்டும், பிறகு வரையட்டும், கடைசியில் டேப்பைக் கொடுங்கள். அவர்கள் சொல்லைத் திருத்தாதீர்கள். நீதி கேட்காதீர்கள். எல்லாக் கதையையும் இணையத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. விடுதிப் பிள்ளையின் பெயரையும் போட்டோவையும் போட்டு லைக் வாங்குவது வேலையில்லை. இரண்டு பிரதி அச்செடுத்துப் பள்ளி நூலகத்தில் ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தாலும் அது புத்தகம்தான்.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. நாமும் மலைக்குப் போய் அண்ணல் படத்தைக் கொடுத்து, இதைப் பற்றி எழுது என்கிறோம். பிள்ளைகள் மனப்பாடமாக எழுதித் தருகிறார்கள். நாம் கைதட்டுகிறோம். கொய்யாப்பழத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. நான் சமவெளியின் சேரியிலிருந்து வந்த ஆள். மலைக்காரர்கள் சார்பில் பேச எனக்கும் உரிமை எழுதிக் கொடுக்கப்படவில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் மறுபடி மேலே போகிறேன். வருகிறவர்கள் வெள்ளைத் தாளும், தாளைப் படமெடுக்க ஒரு போனும் கொண்டு வந்தால் போதும், புரொஜெக்டர் வேண்டாம். போளூரில் காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. பழைய கிளிக்கதை ஞாபகம் இருக்கிறதா, மறுபடி எழுதித் தருவாயா என்று அவனிடம் முதலில் கேட்கப்போகிறேன். மாட்டேன் என்றால் அதுவும் அவன் இஷ்டம்.