ஓட 2018, துரத்த 2024

“நீங்கதானே அழுத்தினீங்க?” பணம் பறிபோய், பதறியடித்து ஓடி நின்றபோது பேங்கில் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

ஆமாம், என் அம்மாதான் அழுத்தினார். எதற்கு? பத்து வெள்ளிக்கு. 2022இல், தீபாவளிக்கு மலிவு விலைச் சேலை என்று ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். முன்பணம் கட்ட வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்பினார்கள். இறக்கினார். பேங்கின் பக்கம் போலவே ஒன்று வந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டார். ‘கோளாறு, பிறகு முயலவும்’ என்றது. அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தச் செயலியோ அவர் போனுக்கு வந்த குறுஞ்செய்தியைத் திருட்டுத்தனமாகப் படித்து, ஓ.டி.பி. எண்ணை எடுத்துக் கணக்கையே துடைத்துவிட்டது. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் குனிந்த முதுகு நிமிராமல் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்ந்த சேமநிதி. பத்து வெள்ளிக்கு அழுத்தியவர் மொத்தப் பணத்துக்கு எப்போது ஐயா அழுத்தினார்?

2018 டிசம்பரில் மலேசியாவில் டுவிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வந்தது. கைப்பேசி எண் இருந்தால் போதும், நொடியில் பணம் போய்விடும். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. பாசார் மாலாமில் கச்சான் விற்கிறவருக்கும் சில்லறைத் தொல்லை தீர்ந்தது. ஆனால் திருட்டுப் பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வங்கிகள் கைகோத்துத் துரத்துவதற்கான தேசிய மோசடித் தளம் வந்தது எப்போது? 2024இல். நடுவில் இருந்த அத்தனை வருஷமும் பணம் ஓட வழி இருந்தது, பிடிக்க ஆளில்லை. மோசடிக்கு ஆளானவர்கள் உடனே அழைக்க 997 என்ற அவசர எண்கூட 2022 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் ஆரம்பத்தில் காலை 8 முதல் இரவு 8 வரை. திருடனுக்கு ஏது ஆபீஸ் நேரம்?

இன்னொரு கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பணம் முதலில் இறங்குவது கழுதைக் கணக்கில். அது யார் கணக்கு? ‘ஏ.டி.எம். கார்டைக் கொடு, சில நூறு வெள்ளி தர்றேன்’ என்றதும் நீட்டிவிட்ட ஏதோ ஒரு வேலையில்லாப் பையனுடையது. அவனும் நம் பிள்ளையாக இருக்கலாம். 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் சேர்த்தார்கள். கையில் விலங்கு விழுவது கார்டு கொடுத்தவனுக்கு. கூட்டத் தலைவன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறானோ!

பாதுகாப்பு என்ற பேரில் பிறகு வந்ததும் எங்கள் தலையில்தான் விடிந்தது. குறுஞ்செய்தி எண் ஆபத்து, செயலியில் உறுதி செய் என்றார்கள். அம்மாவின் பழைய போனில் அந்தச் செயலி ஏறவே இல்லை. ஒரு கணக்குக்கு ஒரே போன். புதிதாகப் பதிந்தால் பல மணி நேரம் காத்திரு. செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிசயம். எல்லாம் தேவைதான், ஆனால் போன் மாற்றுகிற செலவும், டவுனுக்குப் பஸ் ஏறுகிற அலைச்சலும் யாருடையது?

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே அழுத்தி அனுப்பிய பணத்துக்கும் வழி உண்டு. 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பணம் போய் இறங்கிய வங்கி பாதி. ‘நீங்கதானே அழுத்தினீங்க’ என்று சொல்லி அங்கே அவ்வளவு லேசாகக் கைகழுவ முடியாது.

இங்கே அம்மாவின் பணம் போய் இறங்கிய கழுதைக் கணக்கை வைத்திருந்த வங்கி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா கணக்குத் திறக்கப் போனபோது அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கிராணியின் கடிதம் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். முகம் தெரியாத ஒருவன் கணக்கில் ஒரே மத்தியானத்தில் ஊரார் பணம் வந்து இறங்கி, இறங்கிய வேகத்தில் வெளியே போனபோது, ‘இது ஏது?’ என்று கேட்க அந்தக் கட்டடத்தில் ஒருத்தர்கூடவா இல்லை?