பெயர்ப்பலகையே வழிகாட்டி

ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களைக் காணச் செல்வோர், வழிகாட்டி எவரையும் அமர்த்திக்கொள்ளாது, கையில் ஒரு வரைபடத்துடன் தாமே தெருத்தெருவாக நடந்து ஊரை அறிவது நெடுநாள் வழக்கம். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இதற்கென்றே 4,200 மீட்டர் தொலைவுக்குத் தரையில் ஒரு சிவப்புக் கோடு தீட்டி வைத்திருக்கின்றனர். அக்கோட்டைப் பின்பற்றி நடப்பவர் 36 இடங்களைக் கண்டபின், புகைவண்டி நிலையத்தருகே தொடங்கிய இடத்திற்கே திரும்பிவிடுவார். எவரிடமும் வழி கேட்க வேண்டுவதில்லை.

நம் மதுரையில் அத்தகைய கோடு இல்லை, தேவையுமில்லை. தெருவின் பெயர்ப்பலகைகளே இங்கு வழிகாட்டும். ஆனால் அவற்றை நாம் வாசிப்பதில்லை என்பதுதான் குறை. வாசகர்களே, நம்மில் மதுரைக்கு வராதவர் யார்? மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் கல்யாணப் பட்டெடுக்க வருகின்றோம். தாலிக்குப் பொன் வாங்க வருகின்றோம். பெரிய மருத்துவமனைக்கு வருகின்றோம். வந்த காரியம் முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க விரைகின்றோம். ஊருக்குள்ளேயே குடியிருப்போரின் நிலையும் இதுவே. தாம் பிறந்த தெருவுக்கு அப்பெயர் ஏன் வந்ததென்று தம் பிள்ளை கேட்டால் விடை சொல்லக்கூடிய பெற்றோர் எத்தனை பேர்?

ஊரைத் தனியே நடந்து காணுதல் தமிழருக்குப் புதிய பழக்கமன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கு 'ஊர்காண் காதை' என்றே பெயர். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் தான் மட்டும் மதுரைக்குள் நுழைந்து, மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, துணிக்கடை வீதி, கூல வீதி என்று கண்டு மீள்கின்றான். அந்த மதுரை இன்றைய மதுரை இருக்கும் இடத்திலேயே இருந்ததா என்று அறிஞர் வழக்காடுவர். அது அவர்கள் பாடு. இன்றும் தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகளும், மாசி வீதிகளின் பக்கம் துணிக்கடைகளும், நெல்பேட்டையும் உள்ளதைக் காணும்போது, கோவலன் மீண்டும் வந்தால் பெரிதும் திகைத்துவிடமாட்டான் என்று நமக்குத் தோன்றுகிறது.

நகரின் அமைப்பை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். கோவிலை நடுவே வைத்து, சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக வீதிகள் அமைந்துள்ளன. கோவில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்ததும் சித்திரை வீதி, அதைச் சூழ்ந்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, எல்லாவற்றையும் சூழ்ந்து வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நான்கு பக்கங்கள். இதை அறிந்த சிறுவன் மதுரைக்குள் வழி தவறமாட்டான். மாதப் பெயர்கள் அந்தந்த மாதத்துத் திருவிழாவினால் வந்தவை. ஆயினும் சித்திரைத் திருவிழாவின் பெருந்தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகின்றதே என்று கேட்கலாம். மாசியில் நடந்துவந்த திருக்கல்யாணத்தையும் தேரையும் அழகர் விழாவோடு சேர்த்துச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் என்பர். மாதம் மாறிற்று, தேரோடும் வீதி மாறவில்லை. மாசி வீதியையொட்டி 'வடம்போக்கித் தெரு' என்று சில தெருக்கள் இருப்பதையும் கவனியுங்கள். பெருந்தேர் மூலையில் திரும்புகையில், அதை இழுக்கும் நீண்ட வடமும் வடம் பிடிப்போரும் நேரே சென்று நிற்க இடம் வேண்டுமல்லவா? அந்த வடம் போக விடப்பட்ட தெருக்கள் அவை. எந்த வரைபடமும் சொல்லாத செய்தியை அந்தப் பெயர் சொல்லிவிடுகின்றது.

நடையைக் கீழ வெளி வீதியில், நம் மரியன்னை பேராலயத்தின் வாயிலிலிருந்து தொடங்கலாம். ஞாயிறு காலைப் பூசை முடிந்தபின் புறப்பட்டால், கடைத்தெருவில் நெரிசல் சற்றுக் குறைவாயிருக்கும். 'வெளி' என்னும் சொல்லையே முதலிற் பாருங்கள். எதற்கு வெளி? கோட்டைக்கு வெளி. விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த இரட்டை மதிற் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்றும், ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரர் காவல் காத்தார் என்றும் வழங்கும். 1763-64இல் கான் சாகிபு என்னும் யூசுப்கான் இக்கோட்டைக்குள் இருந்துகொண்டு, தம்மை வளர்த்த கும்பினிப் படையையும் நவாபின் படையையும் மாதக்கணக்கில் எதிர்த்து நின்றார். மதில் அவரைக் கைவிடவில்லை, உடனிருந்தோர் காட்டிக்கொடுத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். கான்சாமேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது. அத்தெருவில் நடப்போர்தாம் 'கான்சா' யாரென்று அறியார்.

மதிலை இடித்தவர் பிளாக்பர்ன் என்னும் ஆங்கில ஆட்சியர். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வேலை நடந்தது. அரசிடம் பணமில்லை, ஊரோ நெருக்கடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. எனவே மதிலில் ஒரு பகுதியை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்நிலமே சொந்தம் என்று அறிவித்தார். ஏழைகள் கடப்பாரை எடுத்தனர். மதிலும் அகழியும் இருந்த நிலத்தில் எழுந்த தெருக்களுக்கு, அளவைப் பணி பார்த்த மாரட் என்பவரின் பெயரும், மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வழங்கலாயின. வியன்னா நகரின் மதில்களை இடித்து அகன்ற வட்டச் சாலை அமைக்கப் பேரரசர் பிரான்சிஸ் ஜோசப் ஆணையிட்டது 1857இல். அச்சாலையைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். அதற்கு முன்பே அதே காரியம் நடந்த நம் மாரட் வீதியில், சரக்கு இறக்கும் வண்டிகளுக்கிடையே நாம் குனிந்த தலை நிமிராமல் நடந்து போகின்றோம். மேஸ்திரி ஒருவரின் பெயரைப் பெருந்தெருவுக்குச் சூட்டிய ஊர் மதுரை என்பதில் நமக்குத் தனியொரு மகிழ்ச்சி உண்டு.

பேராலயத்திலிருந்து சிறிது தொலைவிலேயே திருமலை நாயக்கர் மகால் உள்ளது. 1636இல் கட்டியது. இன்று நாம் காண்பது அன்றிருந்ததில் ஏறத்தாழக் காற்பங்குதான். பேரர் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது, மகாலின் பல பகுதிகளைப் பெயர்த்துக் கொண்டு போனார். எஞ்சியதும் பாழாகிக் கிடந்த காலத்தில், சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு 1866க்கும் 1872க்கும் இடையே பழுதுபார்க்கச் செய்தார். பின்னர் நீதிமன்றங்கள் நெடுங்காலம் இங்கேயே நடந்தன. உள்ளே சென்று சொர்க்கவிலாசத்தின் நடுவே நின்று மேலே பாருங்கள். அதைப்பற்றி நாம் எழுதுவதைவிட நீங்கள் காண்பதே மேல்.

நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது அடுத்த இடத்தை. மகாலுக்கு வடக்கே கடைச்சந்துகளுக்குள் நுழைந்தால், 'பத்துத் தூண் சந்து' என்று ஒன்று உண்டு. துணிக்கடைகளும் தையற்கடைகளும் இருபுறமும் நெருங்கி நிற்க, நடுவே பத்துப் பெருந்தூண்கள் வானத்தை மட்டும் தாங்கிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அழிந்துபோன அரண்மனைப் பகுதியின் மிச்சம் அவை. இத்தூண்களையும் மகாலையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்த பின்னரே, அரண்மனை எவ்வளவு பெரிதாயிருந்தது என்பது கண்ணுக்குப் புலப்படும். நுழைவுச்சீட்டு வாங்கி மகாலைப் பார்ப்போரில் பலர், சிறிது நடந்தால் காணக்கூடிய இதைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். இச்சந்துகளில் சௌராட்டிர மொழி காதில் விழும். நாயக்கர் காலத்தில் மகாலைச் சுற்றிக் குடியேறி, பட்டும் சுங்குடியும் கண்ட நெசவாளர் மரபினர் அவர்கள்.

அங்கிருந்து கீழமாசி வீதி மூலைக்கு வந்தால் விளக்குத்தூண். மதிலை இடித்த பிளாக்பர்னுக்கு ஊரார் எழுப்பிய நினைவுச் சின்னம் அது. அவர் பெயர் மறைந்து, விளக்கு மட்டும் பெயராக நிலைத்துவிட்டது. பிள்ளைகள் களைத்திருப்பர், ஆளுக்கொரு குவளை பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள்.

இனி அம்மன் சன்னதி நோக்கி நடக்கையில் விட்டவாசலைக் காணலாம். நாயக்கர் கோட்டைக்கும் முற்பட்ட பாண்டியர் கோட்டையின் வாயில் அது. எல்லாவற்றையும் இடித்தவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டதால் விட்டவாசல் ஆயிற்று என்பர். அருகே முற்றுப்பெறாத இராயகோபுரம் நிற்கின்றது. அத்தெருவின் பெயர் எழுகடல் தெரு. ஏழு கடல் என்னும் பெயருடைய குளம் அங்கே இருந்தது. இன்று குளம் இல்லை, கடைகள் உள்ளன. பெயரும் இல்லாதிருந்தால் அங்கே நீர் இருந்தது என்பதையே மறந்திருப்போம். எழுத்தாணிக்காரத் தெருவில் இன்று எழுத்தாணி செய்வார் இல்லை. மஞ்சணக்காரத் தெரு, பச்சரிசிக்காரத் தெரு, வெங்கலக்கடைத் தெரு ஆகியவை ஒவ்வொரு தொழிலின் பெயரைக் காத்து வருகின்றன. தெருப்பெயர்களை மாற்றிப் பெரியோர் பெயரைச் சூட்டவேண்டும் என்று எழும் கோரிக்கைகளைக் காணும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வருகின்றது. பெரியோருக்குப் புதுத்தெருக்கள் எத்தனையோ உள. எழுத்தாணிக்காரனுக்கு இருப்பது இந்த ஒன்றுதான்.

இராயகோபுரத்திற்கு மேற்கே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஆகியும் பெயரில் இன்னும் 'புது'. நம் தலைமுறைக்கு இம்மண்டபம் என்றால் தையல் இயந்திரங்களின் ஓசையும் பழைய புத்தக வாசனையுமே. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைப்பகுதியில் எழுந்த தீ எல்லாரையும் அச்சுறுத்தியது. பின்னர்ப் புதுமண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. சிற்பங்களுக்கு அது நன்மையே. ஆயினும் தூணுக்கொரு தையற்காரர் அமர்ந்திருந்த காட்சியை இழந்ததில் நமக்கு வருத்தமும் உண்டு; இரண்டையும் ஒருங்கே சொல்வதில் முரண் இருப்பதாக நாம் கருதவில்லை.

சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு இடமில்லை. குழந்தைகளின் கையை விட்டுவிட்டு நிம்மதியாக நடக்கலாம். இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். ஏனெனில் விரும்பியவர் விரும்பிய தெருவில் நடப்பது என்பதே இவ்வூரில் எளிதாய் வந்ததன்று. 1606இல் தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நோபிலி அடிகளார் மதுரைக்கு வந்தபோது, கோட்டைக்குள் எத்தெருவில் எவர் வாழலாம் என்பது சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. அவர் காவியுடுத்தித் துறவியாய் வாழ்ந்து தமிழும் வடமொழியும் கற்றார். முன்னரே இங்கிருந்த பெர்னாண்டஸ் அடிகளாரின் பரதவ மந்தையிலிருந்து தனித்தும் வாழ்ந்தார். அம்முறையை 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரியார் அனுமதித்தார். ஆயினும் அது சாதிச் சுவருக்கு இடம் கொடுத்ததா, சுவரில் ஒரு வாயிலைத் திறந்ததா என்ற கேள்வி நம் திருச்சபைக்குள் இன்றும் ஓயவில்லை. ஓயாதிருப்பதே நல்லது. 1640இல் இதே மதுரையில் அவர் சிறையிலும் இருந்தார்.

கல்மதில் வீழ்ந்து ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், 1939 ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை கோவிலுக்குள் விடப்படாதிருந்த சிலர் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தனர். மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்து பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்களுள் ஒருவர். அனைவருக்கும் திறவாத கோவிலுக்குள் செல்லேன் என்றிருந்த காந்தியடிகள் 1946இல் இங்கு வந்து நுழைந்தார். சுற்றுலாக் கையேடுகள் தூண்களை எண்ணிச் சொல்லும் அளவுக்கு இந்த நாளைச் சொல்வதில்லை. நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லவேண்டும்.

காந்தியடிகளின் மற்றொரு தடம் மேலமாசி வீதியில் உள்ளது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் முழு உடையைக் களைந்து அரையாடை பூண்டது அவ்வீதியின் ஒரு மாடிவீட்டில். இப்போது அங்கே கதர் அங்காடி நடக்கின்றது. ஒரு கைக்குட்டையாவது வாங்குங்கள்.

அதற்கும் மேற்கே பெருமாள் மேஸ்திரி வீதியைத் தாண்டி, பெரியார் பேருந்து நிலையம் வந்துவிடும். அருகிலேயே பழைய கோட்டையின் மேற்கு வாயிலில் ஒரு துண்டு இன்னும் நிற்கின்றது. காலையில் கீழ வெளி வீதியில் நாம் பேசத் தொடங்கிய மதிலைக் கையால் தொட்டுப் பார்க்க அங்கே முடியும். மெல்ல நடந்தாலும், மகாலுக்குள் செலவிடும் நேரத்தையும் சேர்த்து, எல்லாம் மூன்று அல்லது நான்கு மணி நேரம். வெயில் ஏறியிருக்கும். நகரப் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படுகின்றன.