சம்பவமும் காரணமும்

‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று தலைப்புக்குக் கீழே அச்சிட்டுக்கொள்வது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. வியாபாரப் பத்திரிகைகள் செய்தால் புரிந்துகொள்ளலாம். அவர்களுக்குச் சரக்கு நகர வேண்டும். நாமும் செய்கிறோம். கதை நம்பும்படியாக இல்லை என்று யாராவது சொன்னால், ‘நிஜமாகவே நடந்தது, ஸார்’ என்கிறோம். நடந்ததைத் திரித்துவிட்டீர்களே என்றால், ‘இது புனைவு, கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டு’ என்கிறோம். ஒரே தொகையை வசதிப்படி வரவிலும் பற்றிலும் எழுதிக்கொள்கிற கணக்கு இது. எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சுதந்திரம் உண்டுதான். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், யாரும் பேசாததைப் பேசவைக்கலாம். ஆனால் நடந்ததற்கான காரணத்தில் கைவைக்கும்போது எழுத்தாளன் பதில் சொல்லியாக வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. டெல்லியிலிருந்து வரும் படித்தவனின் சங்கடங்களை அதில் அவர் நன்றாகவே எழுதியிருக்கிறார். கூலிப் பிரச்சினையும் சாதியும் நாவலில் இல்லாமலில்லை. ஆனால் எல்லாவற்றையும் தாண்டி வாசகன் மனத்தில் நிற்பது மிராசுதார் கண்ணையா நாயுடுவின் ஆண்மைக்குறை. அந்த ரகசியத்தின் சூடுதான் கடைசியில் குடிசையைப் பற்றிக்கொள்கிறது.

வரலாற்றுக்குத் துரோகம் என்று அப்போதே கண்டித்தார்கள். என் குறை வேறு. இது கலையாகவும் தோற்கிறது. 44 சாவுகள் ஒரு மனிதனின் அந்தரங்க வியாதிக்கு அடிக்குறிப்பாகிவிடுகின்றன. அந்த மனிதன் ஆரோக்கியமானவனாக, பிள்ளைகுட்டிக்காரனாக, கோயில் காரியங்களில் முன்நிற்பவனாக இருந்திருந்தால்? தீ வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருந்தால்? அந்த நாவலைத் தாங்குவதுதான் நமக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. நிலபுலன் உள்ள, கார்கூட வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற ரீதியில் தீர்ப்பு போயிற்று. நாவலும் தீர்ப்பும் எதிரெதிர் முகாம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கௌரவமான மனிதன் இதைச் செய்வான் என்பதை நீதிபதியால் நம்ப முடியவில்லை. முழு மனிதன் இதைச் செய்வான் என்பதை நாவலாசிரியரால் நம்ப முடியவில்லை. அங்கே விடுதலை, இங்கே ஃபிராய்டு.

அப்படியானால் காரணத்தைத் தொடவே கூடாதா என்று கேட்கலாம். ஸ்தெந்தால் தொட்டார். 1827இல் ஒரு கொல்லன் மகன், தான் முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த வீட்டின் எஜமானியை மாதா கோயிலில் வைத்துச் சுட்டான். பெர்த்தே வழக்கு. பத்திரிகைக்கு அது ஒரு தனிமனிதனின் வெறி. 1830இல் வந்த ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலில் அது, கெட்டிக்காரனான ஏழைக்கு இடம் தராத ஒரு பிரான்ஸின் விவகாரமாக விரிந்துவிடுகிறது. ஒருவனின் வெறியிலிருந்து ஒரு சமூகத்தை நோக்கிப் போனார் அவர். நாம் சமூகத்தில் ஆரம்பித்துப் படுக்கையறையில் முடிக்கிறோம். அதற்கு ‘ஆழம்’ என்று பெயர் வேறு.

ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நான் வங்கி எழுத்தன். சில வருஷங்களுக்கு முன்பு, நகைக்கடன் மேஜையில் நான் இருந்தபோது, ஒரு பெண்ணின் சங்கிலி ஏலத்துக்குப் போயிற்று. அதைக் கதையாக எழுதினேன். பாராட்டினார்கள், உங்களில் இரண்டு பேர் கடிதம்கூடப் போட்டீர்கள். கதையில் அவள் மீட்க வைத்திருந்த பணத்தைக் கணவன் குடித்துத் தீர்க்கிறான். அவள் கணவர் குடிப்பவரே அல்ல. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வந்தாள், பணத்தோடு, ஏலம் முடிந்து நாலாம் நாள். கடைசித் தேதியைத் தவறாகச் சொல்லி அனுப்பியது நான்.

எழுதும்போது இதை மறைப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை. கதைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது; குடிகாரன் தானாக வந்து நின்றான்.

அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்க நண்பர் ஒருவர் கேட்கிறார். கணவனை எடுத்துவிட்டு மேஜையைப் போட்டுத் திருத்தித் தருகிறேன் என்றேன். கதை கெட்டுவிடும், அப்படியே இருக்கட்டும் என்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை.