மூச்சுத் தசைப் பயிற்சி: கருவிக்கு முன் பரிசோதனை

ஓட்டப்பந்தயத்துக்கோ நீச்சல் போட்டிக்கோ தயாராகும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “மூச்சுப் பயிற்சிக் கருவி வாங்கிக் கொடுத்தால் நுரையீரல் பெரிதாகுமா, டாக்டர்?” ஆகாது என்பதே எங்கள் விடை. ஆயினும் அக்கருவியே வீண் என்று நாங்கள் ஒதுக்கிவிடுவதில்லை.

நுரையீரல் தானாக விரிவதில்லை. உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் மார்புக்கூட்டை விரிக்க, காற்று உள்ளே நுழைகிறது. ஓய்வில் இத்தசைகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் மிகச் சொற்பம். கடும் ஓட்டத்தின் உச்சத்திலோ, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டை இவை எடுத்துக்கொள்கின்றன. இவை களைத்துவிட்டால் கால்களின் இரத்த நாளங்கள் சுருங்கி, அங்கு செல்லும் இரத்தம் குறைகிறது. மூச்சு வாங்கும்போது கால்களும் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடை வைத்த கருவியின் வழியே மூச்சை வலிந்து இழுக்கும் பயிற்சி இக்களைப்பைத் தள்ளிப்போட உதவுகிறது. ஒருவரது உச்ச உள்ளிழுப்பு அழுத்தத்தில் பாதியளவு தடை, வேளைக்கு 30 மூச்சு, நாளுக்கு இருவேளை, 4 முதல் 6 வாரங்கள் என்பது வழக்கமான முறை. தசை வலுப்பெறும், சிலருக்குப் போட்டி நேரமும் சற்றுக் குறையும். நுரையீரலின் கொள்ளளவு கூடாது. பயிற்சி முகமூடி மலையுச்சிக் காற்றைத் தரும் என்பதும் உண்மையன்று.

எங்கள் கவலை வேறு. ஓடும்போது அளவுக்கு மீறி இளைக்கும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது பரிசோதனையே. ஓடி நின்றபின் இருமலும் வீசிங்கும் வந்தால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். முகம் வெளிறி, எளிதில் சோர்ந்தால் இரத்தசோகையா என்று பார்க்க வேண்டும். ஓடும்போதே மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு இதயத்தைப் பரிசோதித்தாக வேண்டும். இவற்றுள் எதையும் கருவி குணப்படுத்தாது, காலத்தைத்தான் கடத்தும்.

இப்பயிற்சியால் விளையாட்டு வீரரைவிட நோயாளியே மிகுதியாகப் பயன்பெறக்கூடும் என்பது எங்கள் கருத்து. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்றில், நுரையீரல் சிக்கலுக்கு வாய்ப்பு மிகுந்த 279 பைபாஸ் நோயாளிகள் இடம்பெற்றனர். அறுவைச் சிகிச்சைக்கு முன் இப்பயிற்சி பெற்றோரில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 35 விழுக்காட்டினருக்கும் அச்சிக்கல் நேர்ந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளோரில், மூச்சுத் தசை மெலிந்தவர்களுக்கும் இது உதவலாம். ஆனால் அவர்களுக்கு நடைப்பயிற்சியே அடித்தளம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வார்டில் தரப்படும் மூன்று பந்துக் கருவி வேறு. அது ஆழ்ந்து மூச்சிழுக்கப் பழக்குவது, தசைக்குத் தடை தருவதன்று.

அண்மையில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தோரும், செவிப்பறை கிழிந்தோரும், ஆஸ்துமா கட்டுக்குள் வராதோரும் தாமாக இப்பயிற்சியைத் தொடங்கலாகாது. கருவியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அடுத்த வருகையின்போது அதையும் எடுத்து வாருங்கள். இளைப்பின் காரணத்தை முதலில் பார்ப்போம். பயிற்சி தேவையெனில் உள்ளிழுப்பு அழுத்தத்தை அளந்து, உரிய தடையைக் குறித்துத் தருவோம்.