ஆற்காட்டுக் குதிரைகளுக்குப் புல்லறுத்தவர்கள் எங்கே?

19ஆம் லைட் டிராகூன் குதிரைப் பட்டாளத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. ஒரு பட்டாளத்தின் வரலாறு அதன் சொந்த ஏடுகளில் மட்டுமே இருக்கிறது, மற்றதெல்லாம் பிற்காலத்தார் கிளப்பிய உணர்ச்சிக் கூச்சல் என்கிறார் கட்டுரையாளர். அந்த நம்பிக்கையில், 1806 ஜூலை 10 அன்று, சிப்பாய் எழுச்சியின்போது, வேலூர்க் கோட்டையில் நடந்தது களங்கமற்ற மீட்பு என்கிறார். சிப்பாய்கள் திப்புவின் பிள்ளைகள் ஆட்டிவைத்த பொம்மைகளாம். மாறாகப் பேசுகிறவர்களிடம் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லையாம்.

தாள் இருக்கிறது. அவர் கும்பிடுகிற தரப்பிலேயே இருக்கிறது.

முதலில், எந்தப் பட்டாளத்தைப் பற்றி எழுதுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. "அறுபடாத மரபு" என்று மெய்சிலிர்க்கிறார். 1781-ல் திரட்டப்பட்டபோது இதன் எண் 23. 1782-ல் சென்னையில் வந்திறங்கியபோதும் அதே எண்தான். இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் அரசர் குதிரைப்படை இதுவே. 1786-ல்தான் 19 என்று எண் மாறியது. 1821-ல் கலைத்துவிட்டார்கள். அதன் வாரிசாக அவர் காட்டுகிற 19ஆம் ஹுசார், 1857 எழுச்சியை ஒட்டிக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) வங்காளத்துக்காகத் திரட்டிய ஐரோப்பியக் குதிரைப்படையிலிருந்து பிறந்தது. எண் ஒன்றாக இருந்ததால் அசாயே போருக்காகப் பழைய பட்டாளம் பெற்ற யானைச் சின்னம் பின்னாளில் அதற்குக் கொடுக்கப்பட்டது. இதையெல்லாம் நான் தோண்டிக் கண்டுபிடிக்கவில்லை. 1899-ல் ஜான் பிடல்ஃப் எழுதிய நூலின் முகப்புப் பக்கமே, 19 என்ற எண்ணைத் தாங்கிய நான்கு குதிரைப் பட்டாளங்களின் கதை இது என்று அறிவிக்கிறது. கட்டுரையாளர் மேற்கோள் காட்டுவதும் அதே நூலைத்தான். முகப்பைப் புரட்டாமலா உள்ளே போனார்?

இது சின்னப் பிழை அல்ல. இந்தத் துறையில் காலெடுத்து வைப்பவர் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். அரசர் படைக்கும் கும்பினிப் படைக்கும் தனித்தனி நிர்வாகம், தனித்தனிக் கணக்கு. டிராகூன்களின் ஆஜர் பட்டியலும் சம்பளக் கணக்கும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மதராஸ் படையின் ஏடுகளைத் தேட பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்புக்குப் போகவேண்டும், நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் வரவேண்டும். ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டு வீட்டில் வேறு அறையே இல்லை என்று சாதிக்கிறார் இவர்.

இனி வேலூர். நள்ளிரவு தாண்டியபின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டையில் இருந்த 69ஆம் பட்டாளத்து வெள்ளையரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். மருத்துவமனையில் நோயாளிகளாகப் படுத்திருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அதை மறைக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. 19ஆம் டிராகூன்கள் முகாமிட்டிருந்த ஆற்காட்டுக்குச் செய்தி போனது. சுமார் 16 மைல் தூரத்தைக் கர்னல் கில்லெஸ்பி குதிரைகளை விரட்டிக் கடந்தார். தன் ஆட்களில் சிலரோடு முன்னால் வந்து சேர்ந்து, கயிற்றைப் பிடித்து மதில்மேல் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்தன, குதிரைகள் உள்ளே பாய்ந்தன. கில்லெஸ்பியின் துணிச்சலை நானும் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குதிரைகளின் மேல் இருந்தவர்கள் எல்லாரும் டிராகூன்களா? ஆற்காட்டிலிருந்து புறப்பட்ட படையில் மதராஸ் சுதேசிக் குதிரைப்படையின் ஒரு ஸ்குவாட்ரனும் இருந்தது. இந்த மண்ணின் ஆட்கள், கும்பினியின் சம்பளத்தில், அதே கதவு வழியாக உள்ளே போய்த் தங்களைப் போன்ற சிப்பாய்களையே வெட்டினார்கள். அன்றைய நாளின் மிக வேதனையான உண்மை இதுதான். என்ன நினைத்துக்கொண்டு போனார்கள், மாலையில் எந்த முகத்தோடு திரும்பினார்கள் என்று ஆராய்வதல்லவா வரலாற்றாளர் வேலை? கட்டுரையாளர் அவர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அவர் பிடித்துத் தொங்குகிற பட்டாளத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் இல்லை, அதனால் அவருக்கு அவர்கள் பிறக்கவே இல்லை.

அடுத்து அந்தக் "களங்கமற்ற மீட்பு". கோட்டைக் கதவைத் தகர்க்கும் பொறுப்பில் இருந்தவர் ஜான் பிளாக்கிஸ்டன் என்ற கும்பினிப் பொறியாளர். 1829-ல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்பு நூலில் என்ன இருக்கிறது? அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்து வந்து, ஒரு சுவரோரம் நிறுத்தி, கடைசி ஆள் விழும்வரை சுட்டார்கள். விசாரணை இல்லை. கையில் ஆயுதம் இல்லை. பல ஆண்டுகள் கழித்து அதை ஏற்பது கடினம் என்று எழுதினாலும், அன்று அதை மிகச் சரியான செயல் என்றே பார்த்ததாகப் பிளாக்கிஸ்டன் ஒப்புக்கொள்கிறார். அதனால்தான் அவர் சாட்சியத்துக்கு இத்தனை வலு. எதிரி சொன்ன அவதூறு என்று இதை ஒதுக்கமுடியாது. எங்கள் தரப்பில் தாளே இல்லை என்றவர், தன் தரப்பின் தாளைப் படித்துவிட்டு மறைத்தாரா, படிக்கவே இல்லையா? இரண்டில் எதுவானாலும் அவர் வாதம் செத்தது.

திப்புவின் பிள்ளைகள் கதைக்கு வருவோம். இளவரசர்கள் கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள், மைசூர்க் கொடியும் ஏற்றப்பட்டது. சரி. ஆனால் அதற்கு முன்னமே, 1805 நவம்பரில், நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை மறுத்தார்கள், அதற்காகக் கசையடி பட்டார்கள். எல்லாம் அரண்மனைச் சதிதான் என்றால், எழுச்சிக்குப் பிறகு அந்த உத்தரவை ஏன் திரும்பப் பெற்றார்கள்? ஆளுநர் பென்டிங்கையும் தலைமைத் தளபதி கிராடக்கையும் கும்பினி இயக்குநர்கள் ஏன் திருப்பி அழைத்தார்கள்? கும்பினியே ஒப்புக்கொண்ட குற்றத்தை இருநூறு ஆண்டு கழித்து இவர் துடைத்துவிடப் பார்க்கிறார்.

எனக்குக் கோபம் பொங்கியது இன்னொரு இடத்தில். பட்டாளத்தின் "முழு வாழ்க்கையும்" அந்த ஏடுகளில் பதிவாகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாரே, அங்கே. குதிரைப் பட்டாளம் எதனால் நடந்தது? குதிரையால். குதிரை எதனால் நின்றது? கொள்ளாலும் புல்லாலும். அன்றைய வழக்கப்படி ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர், ஒரு புல்லறுப்பவர். வடக்கே புல்லறுத்தவர்கள் ஆண்கள். மதராஸ் பக்கம் அந்த வேலை பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவிக்கு. வெயில் ஏறுமுன் கிளம்பி, அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணை உதறி, சுமையாகக் கட்டித் தலையில் தூக்கிவந்தாள். ஒரு நாள் புல் வரவில்லை என்றால் கில்லெஸ்பியின் 16 மைல் ஓட்டமும் இல்லை. போருக்குப் படை புறப்பட்டால் அவளும் பின்னாலேயே நடந்தாள்.

ஆஜர் பட்டியலில் டிராகூனின் பெயர் இருக்கும், சம்பளம் இருக்கும், மருத்துவமனையில் கிடந்த நாள்கூட இருக்கும். புல்லுக்காரியின் பெயர் இருக்காது. "முழு வாழ்க்கை" என்று எழுத இவருக்கு எப்படி மனம் வந்தது? ஒரு ஏட்டில் பெயர் இல்லை என்பது அந்த ஏட்டின் குறை. அதை அந்த மனிதர்களின் குறையாக மாற்றுவது அநியாயம். இறந்த ஐரோப்பியரின் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-லேயே நூலாக்கிவிட்டார். சுவரோரம் விழுந்த நூறு சிப்பாய்களுக்கு யார் கல்வெட்டு நட்டார்கள்? கல்வெட்டு இல்லாததால் அவர்கள் விழவில்லை என்றாகிவிடுமா?

பட்டாளத்து ஏடுகளைக் கொளுத்தச் சொல்லவில்லை. நானும் அவற்றைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் அவை ஒரு தரப்பின் வாக்குமூலம். வாக்குமூலத்தையே தீர்ப்பாகப் படித்துக் காட்டுகிறவரை எந்த நீதிமன்றமும் உள்ளே விடாது.

கட்டுரையாளரிடம் கேட்பது இவ்வளவுதான். எழும்பூரில் வேலூர் எழுச்சி பற்றிய அரசு ஏடுகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து படிக்கட்டும். பட்டாளம் 1821-ல் கலைக்கப்பட்டதையும், கில்லெஸ்பியோடு மதராஸ் குதிரைப்படை வந்ததையும், பிளாக்கிஸ்டன் எழுதிவைத்த அந்தச் சுவரையும் இதே இதழில், தன் பெயரிலேயே, திருத்தமாக வெளியிடட்டும்.