அடித்துவிட்ட விடைக்குப் புள்ளி போடலாமா?



இன்று ஒரு பாட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறோம். இசை கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த விவாதத்துக்கு நாம் வரவில்லை. எமக்கு உறுத்துவது வேறு. ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போது வெளியில் விடாமல் வைத்திருந்ததை, அவன் மௌத்தான பிறகு எடுத்து விற்க யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆள், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துப் பிரின்ஸ். 80களில் மைக்கல் ஜெக்சனோடு சேர்த்துப் பேசப்பட்ட பெயர். 2016 ஏப்ரல் 21ஆம் திகதி, 57 வயதில் இறந்துபோனார். போலி வலிநிவாரணி மாத்திரையில் கலந்திருந்த ஃபென்டனைல்தான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. இத்தனை பெரிய சொத்துக்காரர் மரண சாசனம் எழுதி வைத்திருக்கவில்லை.

அவருடைய அல்பங்களில் மிகப் பெரிய முயற்சி என்று பலரும் சொல்வது 1987இல் வந்த 'சைன் ஓ த டைம்ஸ்'. இரண்டு இசைத்தட்டு, 16 பாடல். அநேகமாக எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்திருக்கிறார். தலைப்புப் பாடல் எய்ட்ஸ், போதைப்பொருள், துப்பாக்கிக் கும்பல்கள், வெடித்துச் சிதறிய சலஞ்சர் விண்கலம் என்று அந்தக் காலத்துச் செய்தித்தாளைப் புரட்டுவது போலப் போகும். அதே அல்பத்தில் வீட்டில் பிள்ளைகளுக்கு முன் போட முடியாத பாடல்களும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த அல்பம் 2020 செப்டம்பர் 25ஆம் திகதி பெரிய பெட்டியாக மறுவெளியீடு கண்டது. 8 சீடி, கூடவே ஒரு டிவிடி. இசைத்தட்டாக வாங்கினால் 13. மொத்தம் 92 பதிவுகள், அதில் 63 முன்னர் வெளிவராதவை. உலகம் முழுக்கப் பாராட்டு. மூல அல்பத்தைத் துடைத்துத் துலக்கித் தந்த வேலை நல்ல வேலைதான், அதில் எமக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் இந்த அல்பம் எப்படி உருவானது என்று தெரிந்தவர்களுக்கு ஒரு கசப்பான சிரிப்பு வரும். 1986இல் பிரின்ஸ் வோர்னர் கொம்பனியிடம் கொண்டுபோனது இரண்டு தட்டல்ல, மூன்று தட்டு. 22 பாடல். பெயர் 'கிறிஸ்டல் போல்'. மூன்று தட்டு விற்காது, குறைத்துக்கொண்டு வா என்றது கொம்பனி. அவர் வேண்டா வெறுப்பாகக் குறைத்ததுதான் 'சைன் ஓ த டைம்ஸ்'. கொம்பனியோடு அவருக்கிருந்த பகைக்கு இதுவும் ஒரு காரணம். பிறகு 1993இல் பெயரையே விட்டுவிட்டு ஓர் அடையாளக் குறியை வைத்துக்கொண்டதும், கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறியதும் நடந்தது. மூன்று தட்டு அதிகம் என்று சொன்ன அதே வோர்னர்தான், அவர் போன பிறகு 13 தட்டை ஒரே பெட்டியில் போட்டு விற்றது.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் எமக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தானே கோடு போட்டு அடித்துவிட்ட விடையை நாம் திருத்துவதில்லை. அது சரியாகவே இருந்தாலும், 'இதை எடுக்காதீர்கள்' என்று பிள்ளை சொல்லிவிட்டது. ஆனால் பிள்ளை எழுதிக் கொடுத்த தாளை வேறொருவர் கிழித்தெடுத்திருந்தால் கதை வேறு. அந்தத் தாளைத் தேடிப் பிடித்துத் திருத்திக் கொடுப்பதுதான் நியாயம்.

பிரின்ஸின் பெட்டகத்தில் இந்த இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. 'கிறிஸ்டல் போல்' கிழித்தெடுக்கப்பட்ட தாள். அவர் கேட்டார், கொம்பனி மறுத்தது. மற்றப் பாடல்களில் எத்தனையோ, அவரே பதிவு செய்து அவரே வேண்டாமென்று வைத்தவை. வேண்டாமென்றால் வேண்டாம் என்று நிற்கக்கூடிய ஆள்தான் அவர். 1987 டிசம்பரில் 'பிளாக் அல்பம்' கடைக்கு வர ஒரு கிழமை இருக்கையில், இது தீய மனநிலையில் செய்தது என்று சொல்லித் திருப்பி எடுத்தார். சுமார் 5 இலட்சம் பிரதிகள் அழிக்கப்பட்டன. 1994இல்தான் அது முறைப்படி விற்பனைக்கு வந்தது.

பிறகு, 2000களின் ஆரம்பத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்தார். வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிப் பிரசாரம் செய்தார். தனது பழைய ஆபாசப் பாடல்களை மேடையில் பாடுவதை நிறுத்தினார். அவருடைய மார்க்கம் எம்முடையதல்ல. ஆனாலும் ஒரு மனிதன் தன்னைத் திருத்திக்கொண்டு, 'இது இனி நானில்லை' என்று சிலதை ஒதுக்கினால் அதற்கு மரியாதை கொடுக்க எமக்குத் தெரியும். 2019இல் வெளிவந்த '1999' அல்பத்தின் பெட்டியில் என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கே தலைப்பைக்கூட எழுத முடியாத ஒரு பழைய பாடலை முதன்முறையாக எடுத்துப் போட்டிருந்தார்கள்.

'அவரே 1998இல் பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டாரே' என்று ஒரு நண்பர் எம்மிடம் வாதாடினார். உண்மை. 'கிறிஸ்டல் போல்' என்ற அதே பெயரில்தான் வெளியிட்டார். ஆனால் அப்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்தது அவருடைய கண். இன்னொரு வாதம், காந்த நாடாக்கள் காலப்போக்கில் கெட்டுவிடும் என்பது. சரி, பாதுகாக்கட்டும். அவருடைய ஒலிப்பதிவுப் பொறியியலாளர் சூசன் ரொஜர்ஸ் 80களில் நாடாக்களைத் தேடிச் சேர்த்து அந்தப் பெட்டகத்தை ஆரம்பித்ததும் அதற்காகத்தான். இசையை ஆராய்பவர்கள் போய்க் கேட்கட்டும். பாதுகாப்பது ஒன்று, விலைச்சீட்டு ஒட்டுவது இன்னொன்று.

சாசனம் இல்லாததால் நடந்ததையும் பாருங்கள். சகோதரியும், தாயோ தகப்பனோ மட்டும் பொதுவான சகோதர சகோதரிகளுமாக வாரிசுகள் ஆறு பேர். பங்கு கைக்கு வருமுன்பே அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். வரிக்காரர்களோடு இழுபட்டு, சொத்தின் பெறுமதி 156.4 மில்லியன் டொலர் என்று 2022இல் ஒத்துக்கொண்டார்கள். அந்த வருடம் ஓகஸ்டில்தான் பிரிப்பு முடிந்தது. சில வாரிசுகள் பங்கை முன்னரே விற்றுவிட்டதால், பாதி ஓர் இசை வியாபார நிறுவனத்திடம் போனது. எம்மிடையே காணிக்கும் வீட்டுக்கும் பங்கு தெளிவாக இருக்கிறது. வாப்பாவின் டயரிக்கும், உம்மாவின் ஃபோனில் இருக்கும் குரல் பதிவுகளுக்கும் என்ன ஏற்பாடு? வஸிய்யத் எழுதுகிறவர்கள் அதற்கும் ஒரு வரி எழுதி வைக்கலாம்.

இன்னொன்று. எஸ்ரா எடல்மன் என்ற இயக்குநர் பிரின்ஸைப் பற்றி நெட்ஃபிளிக்ஸுக்காக மிக நீண்ட ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். அவருடைய நல்லதோடு கெட்டதும் அதில் இருந்ததாம். சொத்தை நிர்வகிப்பவர்கள் எதிர்த்தார்கள். 2025 பெப்ரவரியில் படம் வெளிவராது என்று அறிவிப்பு வந்தது. அவர் மறைத்து வைத்த பாட்டை விற்றவர்கள், அவரைப் பற்றிய படத்தை மறைத்தார்கள். எது அவருடைய விருப்பம் என்பது இரண்டு இடத்திலும் கேள்வியாகவே வரவில்லை.

2020 பெட்டியின் உள்ளடக்கத்தை நாம் ஒருமுறை வரிசையாகப் பார்த்தோம். வெளிவராத பாடல்களைப் பதிவான காலப்படி அடுக்கியிருக்கிறார்கள். 92 பதிவுகள் இருந்தும், 1986இல் அவர் கையில் எடுத்துக்கொண்டு போன அந்த மூன்று தட்டு, 22 பாடல், அவர் அடுக்கிய வரிசையில் அதற்குள் இல்லை.